ஒரு பேரு, எண்பது ஸ்பெல்லிங்

(எபிசோடில் பேசியதன் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியிருக்கிறோம்.)

இந்த வாரம் ஒரு பஸ் பயணத்துல இருந்து ஆரம்பிக்கலாம்.

2003 டிசம்பர் 31. ஊரெல்லாம் புத்தாண்டுக்குத் தயாராகிக்கொண்டிருந்த நாள். ஜெர்மனியிலிருந்து கிளம்பிய ஒரு பஸ், செர்பியாவைக் கடந்து மாசிடோனியாவின் எல்லைச் சாவடியில் நிற்கிறது. பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்க்கிறார்கள். ஒருவரை மட்டும் தனியாகக் கூப்பிட்டு உட்கார வைக்கிறார்கள். ஜெர்மன் குடிமகன், லெபனானைப் பூர்வீகமாகக் கொண்டவர், வயது 40. பெயர் காலித் எல் மஸ்ரி. பஸ் அவர் இல்லாமலேயே கிளம்பிப் போய்விட்டது. அவர் வீடு திரும்ப ஐந்து மாதம் ஆனது.

அந்த அஞ்சு மாசம் என்ன ஆச்சுன்னு பிறகு சொல்றேன். அதுக்கு முன்னாடி, அவருடைய பெயரில் இருக்கிற அந்த 'எல்' எங்கிருந்து வந்தது, அது ஏன் சில பேப்பரில் 'அல்' ஆகிறது, இதெல்லாம் ஒரு பெரிய விஷயமா என்று பார்க்க வேண்டும். பெரிய விஷயம்தான்.

கர்னலுக்கு வந்த கடிதம்

1986 ஏப்ரல். அமெரிக்கப் போர் விமானங்கள் லிபியாவின் திரிபோலியிலும் பெங்காசியிலும் குண்டு போட்டன. லிபியாவை ஆண்ட கர்னலின் பெயர் அமெரிக்கா முழுக்க எல்லா வீட்டு டிவியிலும் ஓடியது. ஆனால் அந்தப் பெயரை எப்படி எழுதுவது என்பதில் எந்த இரண்டு பத்திரிகைக்கும் ஒத்துப்போகவில்லை.

அந்தச் சமயத்தில் மின்னசோட்டா மாநிலத்தின் செயின்ட் பால் நகரில் இரண்டாம் வகுப்புக் குழந்தைகள் சிலர் கர்னலுக்குக் கடிதம் போட்டார்கள். சண்டை வேணாமே என்கிற மாதிரியான கடிதம். ஆச்சரியம், பதில் வந்தது. கடிதத்தின் அடியில் அரபியில் கையெழுத்து, அதற்குக் கீழே ஆங்கிலத்தில் பெயர். ஆசிரியர் குழுக்களுக்கு அந்த வரிதான் முக்கியம். ஏனென்றால், மனுஷன் தன் பெயரை ஆங்கிலத்தில் எப்படி எழுதுகிறார் என்பதற்கு அதுவரை அவர்கள் கையில் உறுதியான ஆதாரம் இல்லை. ஏபி செய்தி நிறுவனம் அந்தக் கடிதத்தைப் பார்த்துத் தன் ஸ்பெல்லிங்கையே மாற்றிக்கொண்டது. ஏழு வயசுக் குழந்தைகள் ஒரு செய்தி நிறுவனத்தின் நடை விதியை மாத்தி வெச்சுட்டாங்க.

பிரச்சினை தீர்ந்ததா? இல்லை. 25 வருஷம் கழித்து, 2011-ல் லிபியாவில் புரட்சி வெடித்தபோது அதே பெயரை நியூயார்க் டைம்ஸ் 'கியூ'வில் தொடங்கியது. லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் 'கே'யில் தொடங்கியது. ஏபி, ராய்ட்டர்ஸ், பிபிசி மூன்றும் 'ஜி'யில் தொடங்கின. ஆனால் நடுவில் ஏபி ஒரு மாதிரி, மற்ற இரண்டும் வேறு மாதிரி. அந்த ஆகஸ்டில் திரிபோலி விழுந்தபோது கர்னலுடைய மகன் ஒருவரின் பாஸ்போர்ட் கிடைத்தது. அதில் இருந்தது, இந்தப் பத்திரிகைகளில் எதுவுமே எழுதாத ஒரு ஸ்பெல்லிங். நடுவில் 'டீ, ஹெச்' போட்டு, ஏறக்குறைய 'கதாஃபி'!

இங்கே ஒரு சின்னக் குறிப்பு. இதை ஆடியோவில் கேட்டவர்களுக்குக் குழப்பம் இல்லை. படிப்பவர்களுக்குத்தான் சிக்கல், ஏன்னா ஆங்கிலத்தில் இருக்கிற இரண்டு எழுத்துக்கும் தமிழில் ஒரே 'ட'. அதனால் டேபிளில் வருவதை 'டீ' என்றும், டாக்டரில் வருவதை 'டி' என்றும் எழுதுகிறோம். பார்த்தீங்களா, நம்மளும் இப்பவே ஒரு ஸ்பெல்லிங் விதி போட வேண்டியதாயிடுச்சு.

எண்பது எப்படி வந்தது?

இந்தக் குடும்பப் பெயரை அரபியில் எழுதினால் ஒரு குழப்பமும் இல்லை. லிபியா, எகிப்து, ஈராக், மொராக்கோ, எங்கே போனாலும் ஒரே எழுத்துக்கள்தான். குழப்பம் ஆங்கிலத்துக்குள் நுழையும்போது ஆரம்பிக்கிறது.

முதல் எழுத்து 'காஃப்'. தொண்டையின் அடியிலிருந்து வரும் ஒரு 'க்'. ஆங்கிலத்தில் அந்த ஒலியே கிடையாது. அறிஞர்கள் அதற்கு 'கியூ' போடுவார்கள். ஆனால் லிபியாவில் சாதாரணமாகப் பேசும்போது அந்த எழுத்தை 'கங்கை'யின் முதல் 'க' மாதிரி உச்சரிக்கிறார்கள். அப்படியென்றால் 'ஜி'. தூரத்திலிருந்து கேட்பவர் காதில் 'கே' என்று விழலாம். இன்னும் அழுத்தம் வேண்டுமென்றால் 'கே, ஹெச்'. ஆக, முதல் எழுத்துக்கு நாலு வழி.

நடுவில் 'தால்'. ஆங்கிலத்தில் 'திஸ்', 'தட்' என்னும்போது நாக்கு பல்லைத் தொடுமே, அந்த ஒலி. அதுவும் இங்கே இரட்டிக்கிறது. ஒற்றை 'டி', இரட்டை 'டி', 'டி ஹெச்', 'டி ஹெச் டி ஹெச்', 'டீ ஹெச்'. அஞ்சு வழி. அடுத்து 'எஃப்' ஒன்றா, ரெண்டா? கடைசியில் 'ஐ'யா, 'ஒய்'யா? இரண்டு இரண்டு வழி.

பெருக்கிப் பாருங்க. 4 × 5 × 2 × 2. எண்பது. இது வெறும் குடும்பப் பெயர் மட்டும். முன்னாடி 'அல்' போடலாம், 'எல்' போடலாம், விட்டுவிடலாம். அப்போ 240. அதுக்கும் முன்னாடி முஅம்மர் என்கிற பெயர் வேற இருக்கு. அதைக் கணக்குல சேர்க்க எனக்குத் தெம்பு இல்ல.

எழுதாத உயிரெழுத்து

இரண்டாவது காரணம் இன்னும் அடிப்படையானது. அரபியில் 28 எழுத்துகள். எல்லாமே மெய்யெழுத்து மாதிரித்தான் வேலை செய்யும். அதில் மூன்று மட்டும் நெடில் உயிரையும் காட்டும். குறில் உயிர்களை அன்றாட எழுத்தில் எழுதவே மாட்டார்கள். குர்ஆனிலும் சின்னப் பிள்ளைகளின் பாடப் புத்தகத்திலும் மேலேயும் கீழேயும் சின்னச் சின்னக் குறிகள் போடுவார்கள். செய்தித்தாளில் அது பொதுவாகக் கிடையாது.

முஹம்மத் என்ற பெயரை எடுத்துக்கோங்க. அரபியில் நாலே எழுத்து. ம், ஹ், ம், த். அவ்வளவுதான். நடுவில் வரும் உயிரை வாசிப்பவரே போட்டுக்கொள்வார். அவர் அந்த மொழியில் பிறந்தவர், அவருக்கு அது தெரியும். ஆனால் ஆங்கிலத்தில் எழுதும்போது உயிரெழுத்தை எழுதித்தான் ஆகவேண்டும். யாருடைய வாயிலிருந்து வரும் உயிரை எழுதுவது? இலக்கண அரபியில் 'மு'. பேச்சில் பல ஊர்களில் 'மொ'. கடைசி உயிர் 'அ'வா, 'எ'யா? இப்படித்தான் ஆங்கிலத்தில் மூன்று நாலு முகம்மதுகள் உருவானார்கள். எகிப்திலிருந்து வந்த கால்பந்து வீரர் முகமது சலா ஒரு ஸ்பெல்லிங், பாகிஸ்தான் கிரிக்கெட் வீரர்கள் வேறொரு ஸ்பெல்லிங்.

இதில் எண்ணிக்கை அரசியலும் உண்டு. பிரிட்டனின் புள்ளியியல் அலுவலகம் ஒவ்வொரு வருஷமும் குழந்தைகளுக்கு வைக்கப்பட்ட பெயர்களின் பட்டியலை வெளியிடும். ஒவ்வொரு ஸ்பெல்லிங்கையும் தனிப் பெயராகத்தான் எண்ணும். எல்லா முகம்மதையும் கூட்டினால் அதுதான் முதலிடம் என்று ஒரு தரப்பு வருஷா வருஷம் அலாரம் அடிக்கும், கூட்டக் கூடாது என்று இன்னொரு தரப்பு சொல்லும். 2023-ஆம் ஆண்டுக்கான பட்டியலில் கூட்டல் இல்லாமலேயே ஒரு ஸ்பெல்லிங் தனியாக முதலிடத்துக்கு வந்தது. அதே பெயரின் வேறு இரண்டு ஸ்பெல்லிங்குகளும் முதல் நூறுக்குள் இருந்தன.

அடுத்து 'அல்'. ஆங்கிலத்தின் 'தி' மாதிரியான சொல். ஆனால் அதற்குப் பின்னால் சில எழுத்துகள் வந்தால் 'ல்' காணாமல் போய், அடுத்த ஒலி இரட்டிக்கும். எழுதுவது 'அல் ரஷீத்', சொல்வது 'அர்ரஷீத்'. எழுதுவது 'அல் சாதாத்', சொல்வது 'அஸ்ஸாதாத்'. எழுத்தைப் பார்த்து எழுதினால் ஒரு ஸ்பெல்லிங், காதால் கேட்டு எழுதினால் இன்னொன்று. இரண்டும் சரி. எகிப்துக்காரர் வாயில் அதே 'அல்', 'எல்' என்று வரும்.

ஒட்டகத்தின் பெயர்

இந்தக் குழப்பத்தை ஒருத்தர் ரசிச்சே செஞ்சிருக்கார். 'அரேபியாவின் லாரன்ஸ்' என்று உலகம் கொண்டாடிய பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி டி. இ. லாரன்ஸ். முதல் உலகப் போரில் துருக்கியருக்கு எதிரான அரபுக் கிளர்ச்சியில் இருந்தவர். அவர் புத்தகத்தின் சுருக்கப் பதிப்பு 1927-ல் வெளிவந்தது. அச்சுக்குப் போகும் முன் மெய்ப்புத் திருத்துபவர் பாவம், ஒரு நீளப் பட்டியலே போட்டு அனுப்பினார். ஜித்தா நகரத்தை ரெண்டு விதமா எழுதியிருக்கீங்களே, தெரிஞ்சுதானா? ஒரு ஷெரீப்பின் பெயர் பக்கத்துக்குப் பக்கம் மாறுதே? ஒரு பெண் ஒட்டகத்தின் பெயர்கூட ரெண்டு இடத்தில் ரெண்டு மாதிரி இருக்கே?

லாரன்ஸ் எதையும் திருத்தவில்லை. ஆமாம், தெரிந்தேதான் என்றார். ஒட்டகத்தைப் பற்றிக் கேட்டதற்கு, அது அருமையான ஒட்டகம் என்று பதில் எழுதினார். அவருடைய வாதம் இதுதான்: அரபு மெய்யெழுத்துகள் ஆங்கிலத்தில் இல்லை, உயிர்கள் ஊருக்கு ஊர் மாறுகின்றன, ஆகவே எந்த முறையும் அபத்தம், அதைக் காட்டத்தான் இஷ்டப்படி எழுதுகிறேன். கேள்விகளும் பதில்களும் அந்தப் புத்தகத்திலேயே அச்சாகி, இன்றைக்கும் நகைச்சுவையாக எடுத்துச் சொல்லப்படுகின்றன.

எனக்கும் முதல் தடவை படிச்சப்போ சிரிப்பு வந்துச்சு. ஆனா ஒண்ணு யோசிங்க. லாரன்ஸ் ஜித்தாவை எப்படி எழுதினாலும் லாரன்ஸுக்கு ஒன்றும் ஆகாது. ஒட்டகத்துக்கும் ஒன்றும் ஆகாது. அந்தப் பெயர்களைச் சுமக்கும் மனிதர்கள் விசா வரிசையில் நிற்கும்போதுதான் ஸ்பெல்லிங்குக்கு விலை வருகிறது.

யார் ஆண்டார்களோ அவர்கள் ஸ்பெல்லிங்

அரபு நாடுகளின் வரைபடத்தை ஸ்பெல்லிங்கை வைத்தே இரண்டாகப் பிரிக்கலாம். ஒருபக்கம் பிரிட்டிஷ்காரர்கள் கால் பதித்த ஈராக், ஜோர்டான், வளைகுடா. இன்னொரு பக்கம் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட அல்ஜீரியா, துனிசியா, மொராக்கோ, லெபனான், சிரியா.

'மகன்' என்பதற்கான சொல்லைப் பாருங்க. சவூதியில் 'பின்' சல்மான், 'பின்' லாதின். துனிசியாவை ஆண்டவர் 'பென்' அலி. அல்ஜீரியாவின் முதல் அதிபர் 'பென்' பெல்லா. ஒரே சொல்தான். 'அபு' என்பது அல்ஜீரியாவில் 'பூ' ஆகி, பூமெதியன், பூத்தஃப்லிகா என்று பெயரோடு ஒட்டிக்கொண்டது. ஜோர்டானில் 'வாடி' என்று ஆங்கிலத்தில் எழுதும் ஆற்றுப் படுகையை அல்ஜீரிய வரைபடத்தில் 'உவெத்' என்று படிக்கிற மாதிரி எழுதியிருப்பார்கள். ரஷீத் என்ற பெயரின் நடு ஒலிக்கு ஆங்கிலேயர் 'எஸ் ஹெச்' போட்டார்கள், பிரெஞ்சுக்காரர்கள் 'சி ஹெச்' போட்டார்கள். அந்த 'சி ஹெச்'சை நம்ம ஊர்ல படிச்சா 'ரச்சித்' ஆயிடும்.

எகிப்தில் இன்னொரு கதை. மற்ற இடங்களில் 'ஜ' என்று வரும் எழுத்தை கெய்ரோவாசிகள் 'கங்கை'யின் 'க' மாதிரிச் சொல்வார்கள். எனவே அதிபர் நாசரின் முதல் பெயரும், 2018 அக்டோபரில் இஸ்தான்புல்லில் சவூதி துணைத் தூதரகத்துக்குள் கொல்லப்பட்ட பத்திரிகையாளர் கஷோகியின் முதல் பெயரும் ஒன்றே. இருவருமே ஜமால்தான். நாசரின் பெயரைத் தமிழில் 'கமால்' என்று எழுதினால் வேற வம்பு, ஏன்னா அரபியில் கமால் என்றே தனியாக வேறொரு பெயர் இருக்கிறது.

இதையெல்லாம் வேடிக்கையாகச் சொல்லிக்கொண்டே போகலாம். அல்ஜீரியாவில் கொஞ்சம் நிற்கணும். பிரான்ஸ் அந்த நாட்டுக்குள் 1830-ல் நுழைந்தது. அங்கே மக்களுக்கு ஐரோப்பிய மாதிரி நிலையான குடும்பப் பெயர் கிடையாது. இன்னாரின் மகன், அவருக்கு அப்பா இன்னார், இன்ன குலம் என்று பெயர் சங்கிலி மாதிரி நீளும். வரி போட, நிலத்தைப் பதிவு செய்ய அது அரசுக்கு வசதிப்படவில்லை. 1882 மார்ச் 23-ல் ஒரு சட்டம் போட்டார்கள். எல்லா முஸ்லிம் குடும்பங்களும் ஒரு குடும்பப் பெயரைப் பதிவு செய்ய வேண்டும். பதிவு பிரெஞ்சு எழுத்தில். குமாஸ்தா காதில் எப்படி விழுந்ததோ அப்படி.

ஒரே தாத்தாவின் வழிவந்தவர்கள் வெவ்வேறு பெயரில் பதிவானார்கள். பெயர் கொடுக்காதவர்களுக்கு 'குடும்பப் பெயர் இல்லாதவர்' என்பதன் சுருக்கமான மூன்று பிரெஞ்சு எழுத்துகளையே பெயருக்கு முன்னால் போட்டுவிட்டார்கள். பிரெஞ்சு எழுத்தில் அரபியின் இரண்டு 'ஹ'வுக்கும் வித்தியாசம் இல்லை, இரண்டு 'ஸ'வுக்கும் வித்தியாசம் இல்லை. 1962-ல் நாடு விடுதலை அடைந்த பிறகு அந்தப் பதிவேடுகளைப் பார்த்துப் பெயர்களை மறுபடி அரபியில் எழுதும்போது, எது எந்த 'ஹ' என்று யார் சொல்வது? தன் சொந்த மொழியிலேயே தன் பெயருக்கு ஸ்பெல்லிங் சந்தேகம் வந்துடுச்சு.

நியூஸ் ரூமுக்குள்ளே

இதுக்கு ஒரு பொது விதி இருக்கக் கூடாதா என்று கேட்கலாம். விதிகள் நிறையவே இருக்கின்றன, அதுதான் பிரச்சினை. ஜெர்மன் கீழைத்தேய அறிஞர்களின் முறை ஒன்று. அமெரிக்க, பிரிட்டிஷ் புவியியல் பெயர் அமைப்புகள் சேர்ந்து 1956-ல் ஏற்ற முறை ஒன்று. நூலகங்களுக்கு ஒன்று. ஐநாவுக்கு ஒன்று. இவற்றில் பல எழுத்துக்குக் கீழே புள்ளி, மேலே கோடு என்று துல்லியமாகப் பிரித்துக் காட்டும்.

செய்தி உலகம் தந்தி வழியாக வளர்ந்தது. தந்தியில் 26 எழுத்து. கீழே புள்ளி வைக்க வழியில்லை. அந்தப் பழக்கம் கணினி வந்த பிறகும் போகவில்லை. வாசகருக்கும் புள்ளி வைத்த எழுத்து பழக்கமில்லை. ஆகவே ஒவ்வொரு நிறுவனமும் தன் நடைக் கையேட்டில் ஒரு முடிவு எடுத்துக்கொண்டது. ஒருமுறை எடுத்தால் மாற்றுவது கஷ்டம், பழைய செய்திகளைத் தேடினால் கிடைக்காது.

2001-க்குப் பிறகு இது எல்லார் கண்ணிலும் பட்டது. அல் காய்தா என்ற அமைப்பின் பெயரை பிபிசி ஒரு மாதிரியும் ஏபி வேறு மாதிரியும் எழுதின. அதன் தலைவரைப் பெரும்பாலான பத்திரிகைகள் 'ஓ'வில் தொடங்கி ஒசாமா என்றன. எஃப்பிஐயின் தேடப்படுவோர் பட்டியலில் அவர் 'யூ'வில் தொடங்கும் உசாமா. இலக்கண அரபியில் 'ஒ' என்ற குறிலே கிடையாது, அ, இ, உ மூன்றுதான். எஃப்பிஐ இலக்கணத்தைப் பார்த்தது. பத்திரிகைகள் பேச்சைப் பார்த்தன. பிரெஞ்சுப் பத்திரிகைகள் வழக்கம்போல் 'ஓ யூ' போட்டு, 'பின்'னை 'பென்' ஆக்கின. ஒரே ஆளைப் பற்றிய மூன்று கோப்புகள், மூன்று அகரவரிசை இடங்களில்.

ஒரு பத்திரிகையில் இது வெறும் நடைப் பிரச்சினை. ஒரு கண்காணிப்புப் பட்டியலில் அப்படி இல்லை.

ஒரு எழுத்து குறைஞ்சா, ஒரு எழுத்து ஒத்துப்போனா

2009 நவம்பர். நைஜீரியாவின் அபுஜாவில் அமெரிக்கத் தூதரகத்துக்கு ஒரு தகப்பன் வந்தார். தன் மகன் தீவிரவாதிகளோடு சேர்ந்துவிட்டானோ என்று பயமாக இருக்கிறது என்று சொன்னார். மகன் பெயர் உமர் ஃபாரூக் அப்துல்முத்தல்லப். தூதரக அதிகாரிகள் அந்தப் பெயருக்கு அமெரிக்க விசா இருக்கிறதா என்று பார்த்தபோது ஸ்பெல்லிங் பிழையாக இருந்தது. அதனால் விசா இல்லை என்றே முதலில் நினைத்தார்கள். விசா இருந்தது. டிசம்பர் 25 அன்று அவர் ஆம்ஸ்டர்டாமிலிருந்து டெட்ராய்ட் போகும் விமானத்தில் உள்ளாடைக்குள் வெடிமருந்தோடு ஏறினார். அது சரியாக வெடிக்கவில்லை, சக பயணிகள் அவரை அமுக்கிப் பிடித்தார்கள். அதனால்தான் ஏறக்குறைய 290 பேர் பிழைத்தார்கள். பிறகு வெள்ளை மாளிகை நடத்திய ஆய்வு பல தவறுகளைப் பட்டியலிட்டது. அந்த ஸ்பெல்லிங் பிழையும் அதில் ஒன்று.

இது ஒரு வகைத் தோல்வி. ஒரே ஆள், ரெண்டு ஸ்பெல்லிங், அதனால் விட்டுப்போனார்.

இப்போ பஸ்ஸிலிருந்து இறக்கப்பட்டவரிடம் திரும்புவோம். இது அதற்கு நேர் எதிரான தோல்வி.

செப்டம்பர் 11 தாக்குதல் தொடர்பான விசாரணைகளில் காலித் அல் மஸ்ரி என்று ஒரு பெயர் வருகிறது. தாக்குதலில் ஈடுபட்ட ஹாம்பர்க் குழுவினரை ஜெர்மனியில் ஒரு ரயிலில் சந்தித்ததாகச் சொல்லப்படும் ஆள். பஸ்ஸில் வந்தவருடைய பாஸ்போர்ட்டில் 'காலெத் எல் மஸ்ரி' என்று படிக்கிற மாதிரியான ஸ்பெல்லிங். 'இ'க்குப் பதில் 'எ', 'அல்'லுக்குப் பதில் 'எல்'. இந்த எபிசோடில் இதுவரை கேட்டதை வைத்தே நீங்க சொல்லிடுவீங்க, ரெண்டும் ஒரே பெயர்தான். அரபியில் எழுதினால் ஓர் எழுத்துகூட மாறாது.

ஆனால் இங்கேதான் பொறி. பெயர் ஒன்று என்பதால் ஆளும் ஒன்று ஆகிவிடாது. மஸ்ரி என்றால் 'எகிப்துக்காரர்'. என்றைக்கோ எகிப்திலிருந்து வந்த குடும்பம் என்பதைக் காட்டும், ஊர்ப் பெயர் மாதிரியான பெயர். காலித் இன்னும் பரவலான பெயர். எகிப்துக்கார காலித் என்று அரபு உலகத்தில் எத்தனை பேர் இருப்பார்கள்?

மாசிடோனிய அதிகாரிகள் அவரை ஸ்கோப்யே நகரில் ஒரு ஹோட்டல் அறையில் 23 நாள் பூட்டி வைத்தார்கள். பிறகு கண்ணைக் கட்டி விமான நிலையத்துக்குக் கொண்டுபோய் சிஐஏவிடம் ஒப்படைத்தார்கள். அங்கே அடித்தார்கள், உடையை வெட்டி எடுத்தார்கள், மருந்து செலுத்தினார்கள். ஆப்கானிஸ்தானில் ஒரு ரகசியச் சிறைக்குக் கொண்டுபோனார்கள். பாஸ்போர்ட் போலியாக இருக்கும் என்று சந்தேகப்பட்டார்கள். அது உண்மையானது என்று உறுதியான பிறகும் உடனே விடவில்லை. அவர் உண்ணாவிரதம் இருந்தார். 2004 மே 28-ல் அல்பேனியாவுக்கு விமானத்தில் கொண்டுவந்து, இருட்டில் ஒரு மலைச் சாலையில் இறக்கிவிட்டார்கள். திரும்பிப் பார்க்காம நட என்றார்கள். முதுகில் சுடப்போகிறார்கள் என்றே நினைத்து நடந்ததாக அவர் பிறகு சொன்னார். ஜெர்மனியில் வீட்டுக்குப் போனால் வீட்டில் யாரும் இல்லை. கணவர் தன்னைக் கைவிட்டுவிட்டார் என்று நினைத்த மனைவி, பிள்ளைகளோடு லெபனானுக்குப் போய்விட்டிருந்தார்.

2012 டிசம்பர் 13-ல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் 17 நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். நடந்தது சித்திரவதை, மாசிடோனியா பொறுப்பு, 60,000 யூரோ இழப்பீடு. 2018-ல் அந்த நாடு மன்னிப்புக் கேட்டது. அமெரிக்க நீதிமன்றங்களில் அவர் வழக்கு, அரசு ரகசியம் என்ற காரணத்தால் விசாரணைக்கே போகவில்லை.

ஸ்பெல்லிங்தான் அவரைச் சிறையில் போட்டது என்று நான் சொல்லவில்லை. போட்டது மனிதர்கள், ஆதாரம் இல்லாமல். ஆனால் அவர்கள் கையில் இருந்தது ஆங்கில எழுத்தில் ஒரு பெயர். ஆங்கில எழுத்தில் இருக்கும் ஓர் அரபுப் பெயர் இரண்டு பக்கமும் பொய் சொல்லும். ஸ்பெல்லிங் வேறாக இருந்தால் ஆள் வேறு என்று அர்த்தமில்லை. ஒன்றாக இருந்தால் ஆள் ஒன்று என்றும் அர்த்தமில்லை. பெயர் என்பது விசாரணையைத் தொடங்க ஒரு துப்பு, அவ்வளவுதான். அதையே தீர்ப்பாக எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு அந்த மலைச் சாலை சாட்சி.

சரி, நம்ம என்ன பண்றோம்?

தமிழ்ப் பத்திரிகைகள் லிபியக் கர்னலை 'கடாபி' என்றே எழுதிவந்தன. அரபியில் அது 'த'வுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒலி. நம்மிடம் அருமையான 'த' இருக்கிறது, 'ஃப' எழுதவும் வழி இருக்கிறது. ஆனால் நாம் அரபியிலிருந்து எடுக்கவில்லை. ஆங்கிலத்தில் இரண்டு 'டி'யைப் பார்த்து 'ட' போட்டோம். லண்டன் வழியாகச் சுற்றிக்கொண்டு வந்த பெயர் அது.

இதற்கு நேர் மாறான ஒரு வேலையை நம்ம பக்கத்திலேயே செய்திருக்கிறார்கள். காயல்பட்டினம், கீழக்கரை, இலங்கை என்று தமிழ் முஸ்லிம்கள் நூற்றாண்டுகளாகப் பயன்படுத்திய அரபுத்தமிழ். தமிழை அரபு எழுத்தில் எழுதும் முறை. தமிழில் இருக்கும் சில ஒலிகளுக்கு அரபியில் எழுத்து இல்லை. அவர்கள் அந்த ஒலிகளை வெட்டவில்லை. இருக்கிற அரபு எழுத்துகளில் கூடுதல் புள்ளி வைத்துப் புது எழுத்துகளை உருவாக்கிக்கொண்டார்கள். எழுத்துக்குத் தகுந்த மாதிரி ஒலியை வளைப்பதா, ஒலிக்குத் தகுந்த மாதிரி எழுத்தை வளர்ப்பதா என்ற கேள்விக்கு அவர்கள் சொன்ன பதில் அது.

பெயரை எப்படி எழுதுவது என்று யார் முடிவு செய்யலாம்? எனக்குத் தோன்றுவது எளிமையானது. உயிரோடு இருக்கும் ஒருவர் தன் பெயரை ஆங்கிலத்தில் எப்படி எழுதுகிறாரோ, அதுதான் அவருடைய ஸ்பெல்லிங். இலக்கணப்படி தப்பாக இருந்தாலும் பரவாயில்லை. செயின்ட் பால் பிள்ளைகள் கடைசியில் செய்தது அதுதான், நேரா அவர்கிட்டயே கேட்டாங்க. ஊர்ப் பெயருக்கும் இது பொருந்தும். மெக்கா என்பதை ஆங்கிலத்தில் 'மக்கா' என்று உச்சரிக்கும்படி எழுதச் சொல்லி சவூதி அரசு 1980-களில் மாற்றியது. புனித நகரத்தின் பெயரை ஆங்கில உலகம் பிங்கோ விளையாட்டுக் கூடத்துக்கெல்லாம் வைத்துக்கொண்டிருந்தது.

இரண்டாவது, ஒருவர் யார் என்று முடிவு செய்யும் இடத்தில் ஆங்கில ஸ்பெல்லிங்கை மட்டும் நம்பக் கூடாது. மூல எழுத்தைப் பார்க்கணும், பிறந்த தேதியைப் பார்க்கணும், ஊரைப் பார்க்கணும், ஆளைப் பார்க்கணும்.

ஆதார்ல ஒரு ஸ்பெல்லிங், பாஸ்போர்ட்ல ஒரு ஸ்பெல்லிங் என்று அரசிதழில் பெயர் மாற்றம் போட அலைஞ்சவங்க இதைக் கேட்டுக்கிட்டு இருப்பீங்க. ஒரு எழுத்துக்காக எத்தனை கவுன்ட்டர் ஏறி இறங்கினோம் என்று உங்களுக்குத் தெரியும். அந்தக் கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் இருப்பவர் கையில் முத்திரைக்குப் பதிலாக விலங்கு இருந்தால் எப்படி இருக்கும் என்று ஒரு நிமிஷம் யோசிச்சுப் பாருங்க.

அடுத்த எபிசோடில் சந்திப்போம். உங்க பேரை யாராவது தப்பா எழுதி அதனால நடந்த கதை இருந்தா, எங்களுக்கு எழுதுங்க. ஸ்பெல்லிங்கைச் சரியாப் போட்டு வாசிக்கிறோம்.